“எங்கள் சபைக்கு இதில் என்ன பங்கு?” – கனடாவின் பூர்வகுடிகள் பற்றி ஒரு தமிழ்ச் சபையிலிருந்து வந்த கேள்விக்குப் பதில்

கேள்வி இதுதான். ஸ்காபரோவில் கனடா ஐக்கிய திருச்சபையின் கட்டடம் ஒன்றில் ஞாயிறு பிற்பகல் தமிழ் ஆராதனை நடக்கிறது. தொடங்குமுன் ஒருவர் நில ஒப்புகை வாசிக்கிறார், அதாவது இந்த நிலம் எந்தப் பூர்வகுடி மக்களுடையது என்று சொல்லும் சில வரிகள். இந்த வருடம் பூர்வகுடிகளுடன் நல்லிணக்கத்துக்காக ஒரு குழு போட்டிருக்கிறார்கள், கேட்டவரையும் அதில் சேர்த்துவிட்டார்கள். அவர் எழுதுகிறார்: “நாங்கள் 90களில் அகதிகளாக வந்தவர்கள். பிழை செய்தது வெள்ளைக்காரரின் சபை. எங்கள் ஊரில் மிஷன் பாடசாலைதான் எங்களைப் படிப்பித்து ஆளாக்கியது. இதில் எங்களுக்கு என்ன பங்கு? ஒரு சபையால் உண்மையில் என்ன செய்ய முடியும்?”

நானும் இப்படியொரு குழுவில் எட்டு வருடம் இருந்தவன். முதல் கூட்டத்தில் இதே கேள்வியைக் கேட்டேன், உங்களைவிடக் கொஞ்சம் சூடாக. ஆகவே கேட்டதில் பிழையே இல்லை. ஆனால் “மிஷன் பாடசாலைதான் எங்களைப் படிப்பித்தது” என்ற வரியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். எங்கள் ஆட்களுக்கு எல்லாம் சிக்குப்படுவது அங்கேதான்.

அமெரிக்க மிஷனரிகள் யாழ்ப்பாணத்துக்கு 1816இல் வந்தார்கள். வட்டுக்கோட்டை செமினரி 1823, உடுவில் பெண்கள் பாடசாலை 1824. உறைவிடப் பாடசாலைகள்தான். பிள்ளைகளுக்குப் பணம் அனுப்பிய அமெரிக்க நன்கொடையாளரின் பெயரையே சூட்டினார்கள். அதனால்தான் சுத்த யாழ்ப்பாணத்து வம்சாவளியில் திடீரென்று ஒரு நியூ இங்கிலாந்துப் பெயர் வந்து நிற்கும். அவர்களை அனுப்பிய அதே மிஷன் சங்கம், அடுத்த வருடமே, 1817இல், டென்னசியில் செரோக்கி என்ற பூர்வகுடி மக்களிடையே ஒரு உறைவிடப் பாடசாலை தொடங்கியது. சங்கம் ஒன்று, காலம் ஒன்று, முறையும் ஏறக்குறைய ஒன்று. 1838இல் அமெரிக்க அரசு செரோக்கிகளைப் படை கொண்டு மேற்கே விரட்டியபோது அந்தப் பாடசாலையையும் மூடினார்கள். படிக்கப் பிள்ளைகளும் இல்லை, அவர்கள் நின்ற நிலமும் இல்லை. யாழ்ப்பாணத்தில் மிஷனரிக்குப் பின்னால் குடியேற வண்டி வண்டியாக விவசாயிகள் வரவில்லை. வட அமெரிக்காவில் வந்தார்கள்.

கத்தோலிக்கர்களுக்கும் இதே கதை உண்டு. எங்கள் ஊர்ச் சுவாமிமார் பலரின் பெயருக்குப் பின்னால் அ.ம.தி. என்று மூன்றெழுத்து நிற்குமே, அமலமரித் தியாகிகள். நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் அந்தச் சபையைச் சேர்ந்தவர். அவர்கள் 1841இல் கனடாவுக்கும் 1847இல் யாழ்ப்பாணத்துக்கும் வந்தார்கள். கனடாவில் 48 வதிவிடப் பாடசாலைகளை, அதாவது பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைத்த அரசுப் பணத்துப் பாடசாலைகளை, நடத்தியதும் அவர்களே. 2021 மே மாதத்தில் பிள்ளைகளின் புதைகுழிகளைத் தேடிய நிலத்தடி ரேடார் ஆய்வுக்குப் பிறகு உலகமெல்லாம் பேர் அடிபட்ட கம்லூப்ஸ் பாடசாலை அதில் ஒன்று. அந்த மூன்றெழுத்தைக் கண்டால் எழுந்து நிற்கப் பழகிய எனக்கு, கிறீ என்ற பூர்வகுடி இனத்து மூதாட்டி ஒருவர் அதே எழுத்துகளை ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்ததைப் பார்த்தது மறக்கவில்லை.

அப்படியென்றால் ஒரே ஆட்கள் ஒரு இடத்தில் நல்லது செய்து இன்னொரு இடத்தில் ஏன் இப்படிச் செய்தார்கள்? ஆட்களின் குணத்தை விடுங்கள், சட்டத்தைப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் மிஷன் பாடசாலை பிடிக்காத தகப்பன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகலாம். பெர்சிவல் பாதிரியாரோடு வேதாகம மொழிபெயர்ப்பில் உட்கார்ந்திருந்த ஆறுமுக நாவலர் எழுந்து போய் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப் பாடசாலை தொடங்கினார். யாரும் அவரைச் சிறையில் போடவில்லை. தமிழ் படிப்பதை யாரும் அடித்து நிறுத்தவில்லை. மிஷனரிகள் தாங்களே தமிழ் படித்தார்கள், அகராதி போட்டார்கள், மானிப்பாயில் கிறீன் வைத்தியர் மருத்துவத்தையே தமிழில் கற்பித்தார்.

இப்போது கனடா. 1920இல் இந்தியர் சட்டத்தைத் திருத்தி, 7 முதல் 15 வயதுவரையான பூர்வகுடிப் பிள்ளைகளை அரசு சொல்லும் பாடசாலைக்கு அனுப்புவதைக் கட்டாயமாக்கினார்கள். மறுத்தால் பெற்றோருக்குத் தண்டம், சிறை. மேற்குக் கரை மக்கள் விருந்து வைத்துப் பரிசு கொடுக்கும் பொட்லாச் சடங்கு 1885 தொடக்கம் 1951 வரை குற்றம். நில வழக்குக்காகப் பணம் சேர்ப்பதும் வழக்கறிஞர் வைப்பதும் 1927 தொடக்கம் 1951 வரை குற்றம். அங்கே ஒரு நாவலர் எழும்பியிருந்தால், பாடசாலை தொடங்குமுன்பே அவர் சட்டத்தை மீறியவர் ஆகியிருப்பார். நாவலர் இருக்கக்கூடிய ஊரில் மிஷன் பாடசாலை நடத்துவது ஒன்று, நாவலரைச் சட்டம் போட்டுத் தடுத்த ஊரில் நடத்துவது வேறு. என்னைப் பொறுத்தவரை கதையின் முக்கால் பங்கு இதுதான்.

மீதிக் கால் பங்கில் பணம் இருக்கிறது. அரசு பாடசாலைகளைத் தானே நடத்தாமல் சபைகளிடம் கொடுத்தது, சபைகள் மலிவாக நடத்தும் என்பதால். 1892 முதல் தலைக்கு இவ்வளவு என்று காசு. கட்டில் காலியாக இருந்தால் வரவு குறையும். ஆகவே சபைகள் ஒன்றோடொன்று போட்டி போட்டுப் பிள்ளை பிடித்தன, காசநோய் உள்ள பிள்ளையையும் சேர்த்தன. அரசின் தலைமை மருத்துவ அதிகாரி பீற்றர் பிறைஸ் 1907இல் புல்வெளி மாகாணங்களின் பாடசாலைகளை ஆராய்ந்து, விவரம் கிடைத்த 15 பாடசாலைகளில் படித்த பிள்ளைகளில் 24 வீதமானோர் இறந்துபோனதாகக் கணக்குக் கொடுத்தார். முழுமையான பதிவு இருந்த ஒரு பாடசாலையில் அது 69 வீதம். அறிக்கை பத்திரிகைகளில் வந்தது, பெரிதாக எதுவும் மாறவில்லை. மொத்தத்தில் 150,000க்கும் அதிகமான பிள்ளைகள் இந்தப் பாடசாலைகள் வழியாகப் போனார்கள். கடைசிப் பாடசாலைகள் மூடப்பட்டது 1990களில், அதாவது நீங்களும் நானும் இங்கே வந்து இறங்கிய காலத்தில். “அந்தக் காலத்துக் கதை” என்று யாராவது குழுவில் சொன்னால் இந்த ஒரு விஷயத்தைச் சொல்லுங்கள், போதும்.

ஒரு சிக்கலையும் மறைக்கக்கூடாது. இதையெல்லாம் வெள்ளைக்காரர் மட்டுமே நினைத்துச் செய்தார்கள் என்று சொன்னால் பீற்றர் ஜோன்ஸ் எழுந்து மறுப்பார். ககேவக்குவோனாபி என்ற ஒஜிப்வேப் பெயருடையவர், மிசிசாகா இனத்தவர், மெதடிஸ்ட் போதகர், பாட்டுகளை ஒஜிப்வே மொழியில் மாற்றியவர். தங்கள் பிள்ளைகள் தொழிலும் படிப்பும் பெற உறைவிடப் பாடசாலை வேண்டும் என்று அவரே கேட்டார், பிரித்தானியாவுக்குப் போய்ப் பணமும் சேர்த்தார். காலப்போக்கில் தங்கள் மக்களே அவற்றை நடத்துவார்கள் என்பது அவர் எண்ணம். 1851இல் லண்டன் நகருக்கு அருகே, ஒன்ராறியோ லண்டன்தான், மவுண்ட் எல்ஜின் பாடசாலை திறந்தபோது பொறுப்பு அவர் கையில் இல்லை, அவர் மக்கள் கையிலும் இல்லை. 1946இல் மூடப்பட்டபோது அது ஐக்கிய திருச்சபையின் பாடசாலை. உங்கள் சபை கூடும் கட்டடத்தின் பெரிய சபை அதுதான். பாடசாலையைக் கேட்டவர்கள் இருந்தார்கள். கேட்டது ஒன்று, கொடுத்தது வேறு.

சரி, மன்னிப்புக்கு வருவோம்.

மேற்குக் கரையில் கேப் மட்ஜைச் சேர்ந்த ஆல்பெர்ட்டா பில்லி என்ற வீ வாய் காய் பெண்மணி, ஐக்கிய திருச்சபையின் நிர்வாகக் கூட்டத்திலேயே எழுந்து, இந்தத் திருச்சபை எங்கள் மக்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டிய கடன் இருக்கிறது என்றார். கூட்டத்துக்கு அது அதிர்ச்சி. பிறகு 1986 ஓகஸ்டில் சட்பரி நகரில் பொதுப் பேரவை கூடியது. அதே மாதம், அதற்குச் சில நாட்கள் முன்னர்தான், நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழரை மீனவர்கள் கண்டெடுத்தார்கள். கனடாத் தமிழர் எல்லோருக்கும் அந்தப் படகுக் கதை தெரியும். அதே வாரத்தில் சட்பரியில் என்ன நடந்தது என்பது எங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பூர்வகுடி மூத்தவர்கள் மண்டபத்துக்கு வெளியே, வாகனத் தரிப்பிடத்துப் பக்கம் அடித்திருந்த கூடாரத்தில் காத்திருந்தார்கள். உள்ளே விவாதம். முடிவானதும் பேரவையின் தலைமைப் பொறுப்பாளர் றொபர்ட் ஸ்மித்தும் உறுப்பினர்களும் மண்டபத்தை விட்டு இறங்கி அவர்களிடம் நடந்து போனார்கள். நீங்கள் எங்களுக்கு முன்பே இங்கே இருந்தவர்கள், உங்கள் ஆன்மிகம் ஆழமானது, நாங்கள் எங்கள் நாகரிகத்தையும் நற்செய்தியையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டோம், எங்களைப்போல் ஆவதையே நிபந்தனை ஆக்கினோம், மன்னியுங்கள் என்ற பொருளில் அவர் பேசினார்.

மூத்தவர்கள் என்ன பதில் சொன்னார்கள் என்பதைத்தான் உங்கள் குழு முதல் பாடமாக வைக்க வேண்டும். உடனே “மன்னித்தோம்” என்று சொல்லவில்லை. 1988இல் விக்டோரியாவில் அடுத்த பேரவை கூடியபோது எடித் மெம்னூக் அவர்களின் பதிலை வாசித்தார். மன்னிப்புக் கேட்டதை அறிந்துகொண்டோம் என்றார்கள். ஏற்றுக்கொண்டோம் என்ற சொல் அதில் இல்லை. இது வெறும் சடங்காகப் போய்விடக்கூடாது, நீங்கள் அதன்படி வாழ்வதைப் பார்ப்போம் என்ற எதிர்பார்ப்பு இருந்தது. சட்பரியில் அந்த இடத்தில் நினைவுக்காகக் கற்களை அடுக்கி ஒரு குவியல் கட்டினார்கள். அதை வேண்டுமென்றே முடிக்காமல் விட்டிருக்கிறார்கள். இன்றும் அது அரைகுறைதான்.

எங்கள் ஊரில் இரண்டு குடும்பம் கோபமாக இருந்தால் பெரியவர்கள் கூடிச் சமாதானம் செய்து, கையைப் பிடித்துக் கொடுத்து, தேத்தண்ணி குடித்தால் விஷயம் முடிந்தது. எல்லை வேலியைப் பற்றி அதற்குப் பிறகு பேசினால் பேசியவனுக்குத்தான் பேச்சு விழும். அந்தப் பழக்கத்தோடு நாங்கள் இந்தக் குழுவில் உட்காருவதால், “மன்னிப்பு 86இலேயே கேட்டாயிற்றே, இன்னும் என்ன?” என்று வாயில் வந்துவிடும். எனக்கு வந்தது. இங்கே தேத்தண்ணி குடித்தாயிற்று, வேலியை யாரும் நகர்த்தவில்லை. அதுதான் பிரச்சினை.

சொல்லப்போனால் அந்த முதல் மன்னிப்பில் பாடசாலை என்ற சொல்லே கிடையாது. அதற்கு இன்னும் 12 வருடம் பிடித்தது. வன்கூவர் தீவின் போர்ட் அல்பேர்ணி பாடசாலையில் பிள்ளைகளைப் பாலியல் வதை செய்த விடுதிக் கண்காணிப்பாளர் 1995இல் தண்டிக்கப்பட்டார். முன்னாள் மாணவர்கள் அரசின்மீதும் திருச்சபைமீதும் வழக்குப் போட்டார்கள். வழக்கு நடக்கும்போது வாய் திறந்து மன்னிப்புக் கேட்டால் அது பணப் பொறுப்பில் கொண்டுபோய் விடும் என்ற பயம் எந்த நிறுவனத்துக்கும் இருக்கும். இருந்தும் 1998 ஒக்டோபரில் அப்போதைய தலைமைப் பொறுப்பாளர் பில் பிப்ஸ் பாடசாலைகளுக்காகத் தனியே மன்னிப்புக் கேட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய் 2005இல் முடிந்தது. பொறுப்பில் அரசுக்கு 75 வீதம், திருச்சபைக்கு 25 வீதம்.

மற்றச் சபைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமலமரித் தியாகிகள் 1991இலும், அங்கிலிக்கன் பேராயர் மைக்கேல் பியர்ஸ் 1993இலும், பிரெஸ்பிற்றேரியன்கள் 1994இலும் மன்னிப்புக் கேட்டார்கள். பாப்பரசர் பிரான்சிஸ் 2022 ஜூலையில் அல்பேர்ட்டாவின் மஸ்குவாசிஸ் வந்து கேட்டார். கத்தோலிக்கத் தரப்பு, பாடசாலை வழக்குகளைத் தீர்த்த 2006 உடன்படிக்கையின்படி, 25 மில்லியன் டொலர் சேர்க்க முயல்வதாகச் சொல்லி 4 மில்லியன்கூடச் சேர்க்கவில்லை. 2021இல் கோபம் வெடித்த பிறகு ஆயர்கள் 30 மில்லியன் தருவதாக அறிவித்தார்கள். முதலிலேயே சேர்த்திருந்தால் அந்தக் காசு எத்தனையோ முதியவர்கள் உயிரோடு இருக்கும்போதே போய்ச் சேர்ந்திருக்கும்.

வதிவிடப் பாடசாலைகளை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2015இல் செயலுக்கான 94 அழைப்புகளை வெளியிட்டது. தலைவர் மறி சின்கிளேயர், அனிஷினாபே என்ற பூர்வகுடி இனத்து நீதிபதி. நடந்ததைப் பண்பாட்டு இனப்படுகொலை என்று அந்த அறிக்கை பெயர் சொல்லி அழைத்தது. 94ஐயும் ஒரே கூட்டத்தில் வாசித்துவிட்டு மூடிவைக்கும் தப்பை நாங்கள் செய்தோம். நீங்கள் செய்யாதீர்கள். 58 முதல் 61 வரை நேரடியாகச் சபைகளுக்கு. அதில் 59, மன்னிப்பு ஏன் தேவைப்பட்டது என்று சபை மக்களுக்குத் தொடர்ந்து கற்பிக்கச் சொல்கிறது. 61, பூர்வகுடிச் சமூகங்களே முடிவு செய்யும் மொழி, பண்பாடு, குணமாக்கல் வேலைகளுக்கு நிரந்தர நிதி கேட்கிறது. நிரந்தரம் என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒரு தடவை உண்டியல் குலுக்குவது அதில் சேராது. 93உம் 94உம் எங்களைப்போல் வந்து குடியேறியவர்கள் பற்றியவை. குடியுரிமை உறுதிமொழி 2021இல் மாற்றப்பட்டது அதனால்தான். நாங்கள் ராணியின் பெயரைச் சொல்லிக் கையை உயர்த்தினோம். இப்போது எங்கள் அக்கா மகன் எடுத்த உறுதிமொழியில் முதல் குடியினர், இனுயிற், மெட்டி மக்களின் உடன்படிக்கை உரிமைகளும் இருக்கின்றன.

“எங்களுக்கு என்ன பங்கு” என்பதற்கு என் பதில் இங்கேதான் இருக்கிறது. பிழை செய்தவர்கள் என்ற பங்கு இல்லை. அதை யாரும் உங்கள் தலையில் கட்டவும் இல்லை. சொத்தை வாங்கியவர்கள் என்ற பங்கு இருக்கிறது. காணி ஒன்றை வாங்கும்போது உறுதியோடு அதன் வில்லங்கமும் வரும் என்பது எங்கள் ஆட்களுக்குச் சொல்லித் தரவேண்டிய விஷயமா? ரொறன்ரோவின் உறுதியைக் கொஞ்சம் பாருங்கள். மிசிசாகா மக்கள் நிலத்தைப் பிரித்தானியருக்குக் கொடுத்ததாக 1787இல் எழுதியதாகச் சொல்லப்பட்ட பத்திரம் வெற்றுத்தாள். தலைவர்களின் அடையாளங்கள் வேறு தாளில் இருந்து ஒட்டப்பட்டிருந்தன. 1805இல் திரும்ப எழுதி 10 ஷில்லிங் கொடுத்தார்கள். கிரெடிற் மிசிசாகா மக்களுக்கு 2010இல்தான் அதற்காக 145 மில்லியன் டொலர் கிடைத்தது. ஸ்காபரோவின் கிழக்குப் பக்கம் 1923இன் வில்லியம்ஸ் உடன்படிக்கைக்குள் வருகிறது. ஏழு முதல் குடியினர் சமூகங்கள், வேட்டை மீன்பிடி உரிமையே போய்விட்டது. 2018இல் மத்திய, மாகாண அரசுகள் 1.1 பில்லியன் டொலர் கொடுத்து மன்னிப்பும் கேட்டன. நில ஒப்புகையில் ஒருவர் மூச்சு விடாமல் வாசித்து முடிக்கும் பெயர்களுக்குப் பின்னால் இருப்பது இந்தக் காணிக் கதைதான். அடுத்த முறை வாசிப்பவர் இதில் ஒரு வரியையாவது தன் சொல்லில் சொல்லட்டும், தமிழிலேயே சொல்லட்டும். பெயர்களை எப்படி உச்சரிப்பது என்று முதல்நாள் பழகிவிட்டு வரட்டும். எங்கள் பெயர்களை இந்த நாட்டில் என்ன பாடு படுத்தினார்கள் என்று தெரியாதவர்களா நாங்கள்?

அகதியாக வந்தோம் என்ற வாதத்துக்கு ஸஸ்கச்சுவானில் ஒரு பதில் இருக்கிறது. லேயர்ட் என்ற சின்ன ஊர். 1876இன் ஆறாம் உடன்படிக்கைப்படி யங் சிப்பவாயன் என்ற கிறீ மக்களுக்கு ஒதுக்கிய நிலத்தை அரசு 1897இல் அவர்களைக் கேட்காமலே எடுத்து, மெனனைற், லூத்தரன் குடியேறிகளுக்குக் கொடுத்தது. மெனனைற் மக்கள் தங்கள் விசுவாசத்துக்காக ஐரோப்பாவில் நாடு நாடாக ஓடியவர்கள். அவர்களுக்கு அது வெறும் நிலம், அரசு கொடுத்தது. 1976இல் யங் சிப்பவாயன் வாரிசுகள் ஊருக்கு வந்து இது எங்கள் காணி என்றபோது விவசாயிகள் பயந்துபோனார்கள். முப்பது வருடம் கழித்து, 2006இல், ஸ்ரோனி நோல் குன்றின்மேல் மூன்று தரப்பும் கூடி ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தார்கள். உங்கள் கோரிக்கை நியாயமானது, அது தீர நாங்களும் உழைப்போம் என்பது சாரம். கேக் வெட்டிப் படம் எடுத்துவிட்டு அவர்கள் கலைந்து போகவில்லை. கோரிக்கையை நிரூபிக்க வாரிசுகள் யார் யார் என்று வம்சாவளி தேட வேண்டும், அதற்குக் காசு வேண்டும். அந்தக் காசை அந்தச் சபைகள் சேர்த்துக் கொடுத்தன. காணி வழக்கில் எதிர்ப்பக்கத்தவரின் வம்சாவளிக்குத் தன் பணத்தைக் கொடுக்கும் ஆளை ஊரில் கண்டிருக்கிறீர்களா? நான் காணவில்லை.

இனி, உங்கள் குழு என்ன செய்யலாம் என்பதற்கு நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டவை.

எங்கள் குழு முதலில் செய்தது, ஒரு பூர்வகுடி மூத்தவருக்கு மின்னஞ்சல் போட்டு “வந்து பேசுங்கள்” என்றது. பதில் வரவில்லை. பிறகு வழி தெரிந்த ஒருவர் சொன்னார்: அனிஷினாபே மக்களிடையே மூத்தவரிடம் ஒன்றைக் கேட்கும்போது புகையிலையைச் சின்னத் துணியில் முடிந்து கையில் கொடுத்துக் கேட்பது முறை. அவர் அதை வாங்கினால் சம்மதம். வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது மாதிரி என்று எங்கள் அன்ரி ஒருவர் உடனே பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவருக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. சிவப்புத் துணியில் முடிச்சுப் போட்டதும் அவர்தான். போக்குவரத்துச் செலவும் சன்மானமும் தனி, அதைப் பேசக் கூச்சப்படாதீர்கள். ஒரு விரிவுரையாளரைச் சும்மா கூப்பிட மாட்டீர்கள் அல்லவா?

அடுத்தது போர்வைப் பயிற்சி. 1997இல் உருவாகி, பிறகு கெய்றோஸ் என்ற சபைகளின் கூட்டமைப்பு நடத்தி வந்தது. மண்டபத்தில் போர்வைகளை விரித்து, அதுதான் நாடு என்று சொல்லி, எல்லோரையும் சப்பாத்தைக் கழற்றி அதில் நிற்கச் சொல்வார்கள். ஒருவர் வரலாற்றை ஆண்டு ஆண்டாக வாசிப்பார். வாசிக்க வாசிக்கப் போர்வைகளை மடிப்பார்கள். நோய் என்று சீட்டு வந்தவர் வெளியே போக வேண்டும். பாடசாலை என்று சீட்டு வந்தவர் தனியே ஒரு போர்வைக்குப் போக வேண்டும். கடைசியில் நாலு பேர் கால் வைக்க இடமில்லாமல் துண்டுத் துணியில் ஒற்றைக் காலில் நிற்பார்கள். எங்கள் சபையில் நடந்தபோது எழுபத்தைந்து வயது அம்மா ஒருவரின் போர்வையை மடிக்க வந்த பெடியனிடம் அவர் நகர மறுத்துவிட்டார். பலாலியில் அவரது வீடும் தோட்டமும் 1990 தொடக்கம் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள். “தம்பி, நான் ஒருக்கா எழும்பினது காணும். இனி ஏலாது” என்றார். மண்டபம் அமைதியானது. நடத்த வந்த பூர்வகுடிப் பெண், மொழிபெயர்ப்பைக் கேட்டுவிட்டு, வாசிப்பை நிறுத்திப் போய் அவர் பக்கத்தில் அந்தப் போர்வையிலேயே நின்றார்.

இதில் ஒரு எச்சரிக்கை. எங்கள் கதையும் உங்கள் கதையும் ஒன்று என்று மைக்கைப் பிடித்துப் பேச அடுத்த நிமிடமே ஒருவர் எழும்புவார். எங்கள் கூட்டத்தில் இரண்டு பேர் எழும்பினார்கள். இருபது நிமிடம் ஈழத்து வரலாறு. வந்த பெண் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். எங்கள் காயம் அவர்கள் சொல்வதைக் கேட்க ஒரு காதைத் தருகிறது, அவ்வளவுதான். அவர்கள் நேரத்தில் எங்கள் கதையைச் சொல்ல அது உரிமை தராது. குழுவில் யார் மைக்கை வாங்கி வைத்திருப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். கேலியாகச் சொல்லவில்லை.

பிறகு பழைய பதிவேடுகள். உங்கள் கட்டடம் எழுபது வருடப் பழசென்றால் அலுமாரியில் மகளிர் மிஷனரி சங்கத்தின் கணக்குப் புத்தகம் எங்காவது கிடக்கும். ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள் சேர்த்த சில்லறை, அனுப்பிய உடுப்பு மூட்டை, எந்தப் பாடசாலைக்கு, எந்த வருடம். வாசித்துப் பாருங்கள். நல்ல மனதோடு கொடுத்தவர்கள்தான், அதில் சந்தேகமில்லை. அந்தப் பாடசாலைகளில் எடுத்த படங்கள், பெயர்ப் பட்டியல்கள் ஏதாவது அகப்பட்டால் வீட்டுக்குக் கொண்டு போகாதீர்கள், இணையத்தில் போடாதீர்கள். திருச்சபையின் ஆவணக் காப்பகத்துக்குச் சொல்லுங்கள். எங்கோ ஒரு குடும்பம் திரும்பி வராத பெரியப்பாவின் பெயரை இன்னும் தேடிக்கொண்டிருக்கலாம். வின்னிபெக்கில் இருக்கும் உண்மை, நல்லிணக்கத்துக்கான தேசிய நிலையம் வைத்திருக்கும் இறந்த பிள்ளைகளின் பட்டியலில் ஏற்கெனவே 4,100க்கும் மேற்பட்ட பெயர்கள்.

காசு பற்றி எங்கள் ஆட்கள் பேச விரும்ப மாட்டார்கள், ஆனால் பேசத்தான் வேண்டும். ஆங்கிலச் சபைகள் சுருங்கிக் கட்டடங்கள் விற்பனைக்கு வரும் காலம் இது. அந்தக் காணியின் விலை இன்று எங்கே நிற்கிறது என்று ஸ்காபரோவில் வீடு வாங்கியவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. விற்கும் நாளில் ஒரு பங்கு அந்த மண்ணின் மக்களுக்கு என்று இப்போதே தீர்மானம் எழுதி வையுங்கள். விற்பனை நெருங்கிய பிறகு எழுத முடியாது, அப்போது ஆளுக்கு ஒரு கணக்கு வரும். தமிழ்ச் சபை வாடகைக்கு இருப்பதுதானே என்றால், வாடகை கொடுப்பவர்களும் அந்தக் கூட்டத்தில் கையை உயர்த்திப் பேசலாம்.

ஊழியம் செய்யப் போகிறோம் என்று யாராவது கிளம்பினால் தயவுசெய்து நிறுத்துங்கள். எங்களில் உற்சாகமான இளைஞர்களுக்கு இது வரும். அந்த மக்களில் கிறிஸ்தவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள், எங்களைவிட நாலைந்து தலைமுறை முன்பே. ஐக்கிய திருச்சபையே 1992இல் ஸ்ரான் மக்காய் என்ற கிறீ போதகரையும் 2022இல் ஹெய்ல்ற்சுக் இனத்துக் கார்மென் லான்ஸ்டவுனையும் தலைமைப் பொறுப்புக்குத் தெரிந்தெடுத்தது. 2012இல் திருச்சபையின் சின்னத்தில் மருத்துவச் சக்கரம் என்ற பூர்வகுடி அடையாளத்தின் நான்கு நிறங்களையும் “என் உறவுகள் எல்லோரும்” என்ற பொருளில் ஒரு மோஹாக் வாசகத்தையும் சேர்த்தார்கள். உங்கள் கட்டட வாசலில் அந்தச் சின்னம் தொங்கும், நிமிர்ந்து பாருங்கள்.

இந்த வருடத்துக்கு ஒரே ஒரு வேலை சொல்லுங்கள் என்றால், உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான தேசிய நாளான செப்டெம்பர் 30க்கு முன் பிராண்ட்போர்டில் மோஹாக் இன்ஸ்ரிரியூட்டுக்கு ஒரு வான் பிடித்துப் போங்கள் என்பேன். 1830களில் தொடங்கி 1970வரை இருந்த வதிவிடப் பாடசாலை. காலை மாலை ஓட்ஸ் கஞ்சி என்பதால் பிள்ளைகள் அதைக் கஞ்சிக் குழி என்ற பொருளில் ஒரு பட்டப்பெயரால் அழைத்தார்கள். அந்தக் கட்டடத்தை இடிப்பதா வைத்திருப்பதா என்று அந்தப் பகுதியின் சிக்ஸ் நேஷன்ஸ் என்ற பூர்வகுடி மக்களிடம் கேட்டபோது மிகப் பெரும்பாலோர் வைத்திருங்கள் என்றார்கள், சாட்சியாக. பின்பக்கச் சுவருக்குப் போங்கள். செங்கற்களில் பிள்ளைகள் ஆணியாலோ கல்லாலோ கீறிய பெயர்கள் இருக்கின்றன, குனிந்து பார்த்தால்தான் தெரியும் உயரத்தில். முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். ஸ்காபரோவிலிருந்து தெருவில் நெரிசல் இல்லாவிட்டால் ஒன்றரை மணித்தியாலம். சோற்றுப் பார்சலை வானிலேயே சாப்பிட்டு முடித்துவிட்டு உள்ளே போங்கள், பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைக் கூட்டிப் போவதா என்று பெற்றோரிடம் முதலே கேட்டுக்கொள்ளுங்கள்.